கென்ஜியின் கதை: வேலியின் மொழிபெயர்ப்பு மட்டும் போதுமா?

கேள்வி: 9 ஜனவரி 2025

"ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் முரசாகி ஷிகிபு என்ற ஜப்பானிய அரசவைப் பெண்மணி எழுதிய நாவலான கென்ஜியின் கதையை ஆர்தர் வேலியின் ஆங்கிலத்தில் முந்நூறு பக்கத்துக்குள் படித்து முடித்தேன். முதல் மனைவி இறந்துவிட, தான் வளர்த்த பெண்ணையே கென்ஜி துணைவியாக்கிக்கொள்ளும் இடத்தில் கதை அழகாக நிறைவடைகிறது. பிறகு ராயல் டைலரின் பெரும்புத்தகத்தை வாங்கினேன். யார் பேசுகிறார், யாரைப் பற்றிப் பேசுகிறார் என்றே புரியாமல் இரண்டாம் அத்தியாயத்தில் மூடி வைத்துவிட்டேன். வேலி எழுதியது இலக்கியம். டைலர் எழுதியது பேராசிரியர்களுக்கான பாடநூல். மறுப்பவர் உண்டா?"

10 ஜனவரி

மறுக்கிறேன். முதலில், நீங்கள் படித்து முடித்தது கென்ஜியின் கதை அன்று. அதன் முதல் தொகுதி. வேலி 1925 தொடங்கி 1933 வரை ஆறு தொகுதிகளாக இந்நாவலை வெளியிட்டார். முதல் தொகுதிக்கு நாவலின் பெயரையே சூட்டி, அடுத்தடுத்த தொகுதிகளுக்கு வேறு வேறு தலைப்புகள் கொடுத்ததால், அந்த ஒற்றைத் தொகுதி இன்றும் தனிநூலாக விற்கப்படும்போது முழுநூல் என்றே பலர் எண்ணிக்கொள்கிறார்கள். மொத்தம் 54 அத்தியாயங்களில் 9 மட்டுமே அதில் உள்ளன. நீங்கள் நிறைவு என்று கருதிய இடத்தில் கென்ஜிக்கு வயது இருபத்திரண்டு. அவன் இன்னும் தலைநகரை விட்டு ஒதுங்கிப் போகவில்லை, திரும்பி வந்து பதவியின் உச்சிக்கு ஏறவில்லை, செய்தவற்றுக்கு ஈடு கொடுக்கவும் இல்லை. அவன் இறந்த பிறகும் கதை பதின்மூன்று அத்தியாயங்கள் ஓடுகிறது.

10 ஜனவரி, இரவு

வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எட்வர்ட் சைடன்ஸ்டிக்கரின் மொழிபெயர்ப்பிலும் (1976) பன்னிரண்டு அத்தியாயங்கள் மட்டும் அடங்கிய சுருக்கப் பதிப்பு ஒன்று உண்டு. டைலரின் மொழிபெயர்ப்புக்கும் (2001) சுருக்கப் பதிப்பு உண்டு. அட்டையில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஆயிரம் பக்கத்துக்குக் குறைவாக இருந்தால் அது முழுநூலாக இருக்க வழியில்லை.

12 ஜனவரி

இனி டைலர் மீதான புகார். யார் யார் என்று புரியவில்லை என்கிறீர்கள். அந்தக் குழப்பம் மூலத்திலேயே இருக்கிறது. ஹெயான் காலத்து (794–1185) அரசவையில் மேன்மக்களின் இயற்பெயரைச் சொல்லுவது மரியாதைக் குறைவு. ஆகவே ஆண்கள் பதவியால் சுட்டப்படுகிறார்கள். பதவி உயர உயர அவர்களைச் சுட்டும் சொல்லும் மாறுகிறது. கென்ஜியின் மைத்துனனும் வாழ்நாள் போட்டியாளனுமாகிய ஒருவனை ஜப்பானிய வாசகர்கள் தோ நோ சூஜோ என்ற அவனுடைய இளமைக்காலப் பதவியின் பெயரால் அழைப்பது வழக்கம். ஆனால் மூலத்தில் அவன் நாவலின் போக்கில் ஆலோசகனாகி, அமைச்சனாகி, பெருமந்திரியாகி, ஒவ்வொரு கட்டத்திலும் வேறொரு பெயரில் வருகிறான். அவன் விட்டுச்சென்ற பழைய பதவியில் அடுத்த தலைமுறைக்காரன் ஒருவன் வந்து அமர்ந்துகொள்கிறான்.

நான் அரசு அலுவலகம் ஒன்றில் பணிக்காலம் முழுவதையும் கழித்தவன். அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'சூப்பிரண்டு வந்துட்டாரா' என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் மாற்றலாகிப் போய் இன்னொருவர் வந்தாலும் கேள்வி மாறாது. பதிலில் வரும் ஆள்தான் மாறுவார். டைலரைப் படிக்கையில் எனக்கு அந்தப் பழக்கம் கைகொடுத்தது. வேலியும் சைடன்ஸ்டிக்கரும் மரபுப் பெயர்களை நிலையாக வைத்துக்கொண்டார்கள். டைலர் பெரும்பாலும் மூலத்தின் வழியையே பின்பற்றி, அதற்கு ஈடாக ஒவ்வோர் அத்தியாயத்தின் முகப்பிலும் அதில் வரும் மாந்தரின் பட்டியலை அவரவர் பதவி, வயது, உறவுமுறையுடன் கொடுத்திருக்கிறார். இரண்டாம் அத்தியாயத்தில் மூடிவைத்தவர் அந்தப் பக்கத்தைப் புரட்டித் தள்ளிவிட்டுப் போயிருப்பார் என்பது என் ஊகம்.

பெண்களின் நிலை வேறு. அவர்கள் வசித்த மாளிகையாலோ, சொல்லிய அல்லது பெற்ற கவிதையில் வந்த ஒரு சொல்லாலோ அறியப்படுகிறார்கள். 'செம்புலப் பெயல்நீர்' என்று பாடியதால் செம்புலப்பெயனீரார் ஆனவரையும், 'அணிலாடு முன்றில்' என்று பாடியதால் அணிலாடு முன்றிலார் ஆனவரையும் அறிந்த நமக்கு இதில் வியப்பு வேண்டியதில்லை. அகத்திணையில் ஒருவரையும் பெயர் சுட்டிச் சொல்லலாகாது என்று தொல்காப்பியம் விதித்ததற்கும் இங்கே பெயர் மறைவதற்கும் காரணங்கள் வேறானவை. இது உயர்குடி நாகரிகம்; அது செய்யுள் மரபு. எனினும் பெயரற்றவர்களின் காதலைத் தொடர்ந்து படிக்கும் பயிற்சி நமக்கு ஏற்கெனவே உண்டு என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

13 ஜனவரி

'முரசாகி ஷிகிபு'வாவது இயற்பெயரா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதுவும் அன்று. ஷிகிபு என்பது அவருடைய தந்தை தமேதோகி சடங்குத் துறையில் வகித்த பதவியிலிருந்து வந்தது. முரசாகி அவர் படைத்த கதைமாந்தரின் பெயர். 1008-ஆம் ஆண்டில் அரண்மனை விழா ஒன்றில் கிந்தோ என்ற அறிஞர், 'இளைய முரசாகி இங்கே இருக்கிறாரா' என்று கேலியாகக் கேட்டதை ஆசிரியரே தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கென்ஜியே இல்லாத இடத்தில் அந்தப் பெண் மட்டும் எப்படி இருப்பாள் என்று எண்ணிக்கொண்டாராம். இந்நாவலின் காலத்தை ஆய்வாளர்கள் கணிப்பதற்கு உதவும் முக்கியச் சான்று இந்தக் கேலிதான்.

17 ஜனவரி

வேலியை நான் தாழ்த்துவதாக எண்ணவேண்டாம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கீழைநாட்டு ஓவியப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டு, சீனமும் ஜப்பானியமும் தாமே முயன்று கற்று, ஒருமுறைகூட ஜப்பானுக்குப் போகாமல் இதை முடித்தவர் அவர். அதற்கு முன் ஆங்கிலத்தில் இருந்தது சுயெமட்சு கென்சோ 1882-இல் லண்டனில் வெளியிட்ட பதினேழு அத்தியாயங்கள் மட்டுமே. வேலியின் முதல் தொகுதி வந்த அதே ஆண்டு ஜூலையில் வர்ஜீனியா உல்ஃப் 'வோக்' இதழில் அதற்கு மதிப்புரை எழுதினார். 1940-இல் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில், தேங்கிய சரக்காக 49 சென்டுக்குக் கிடந்த வேலியின் நூலை டொனால்ட் கீன் என்ற மாணவர் மலிவு கருதி வாங்கினார்; அதிலிருந்து ஜப்பானிய இலக்கியத்துக்கே தம் வாழ்நாளைக் கொடுத்துவிட்டார். ஒரு மொழிபெயர்ப்பு இதற்குமேல் என்ன செய்யவேண்டும்?

ஆனால் வேலி வெட்டினார், ஒட்டினார். மூலம் ஓர் அசைவை மட்டும் காட்டி நிறுத்தும் இடத்தில் அவர் அந்த அசைவின் காரணத்தையும் சேர்த்து எழுதுவார். கவிதைகளைப் பேச்சுக்குள் கரைத்துவிடுவார், சிலவற்றை விட்டேவிடுவார். முப்பத்தெட்டாம் அத்தியாயமாகிய 'மணிப்பூச்சி'யை முழுவதுமாக விட்டுவிட்டார். கதை ஓட்டத்தில் அதனால் பெரிய ஓட்டை விழவில்லை என்பது மெய்தான்: துறவு பூண்ட ஓர் இளவரசியின் தோட்டத்தில் பூச்சிகளை விடுகிறார்கள், நிலா எழுகிறது, கென்ஜி முன்னாள் பேரரசர் ரெய்சேயின் மாளிகைக்குப் போகிறான், அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், 2000-ஆம் ஆண்டில் ஜப்பான் வெளியிட்ட 2000 யென் நோட்டின் பின்புறத்தில் இருப்பது அந்த அத்தியாயந்தான். பன்னிரண்டாம் நூற்றாண்டு ஓவியச் சுருளிலிருந்து எடுத்த அந்தக் காட்சியில் கென்ஜியும் ரெய்சேயும் எதிரெதிரே அமர்ந்திருக்கிறார்கள். ரெய்சே உலகத்தின் கண்ணுக்குக் கென்ஜியின் தம்பி; உண்மையில் கென்ஜியின் மகன். நாவலின் பெரிய இரகசியத்தை ஒரு நாட்டின் பணத்தாளிலேயே அச்சடித்துவிட்டார்கள், வேலியைப் படித்தவர்களுக்கோ அந்த அத்தியாயமே கிடையாது.

18 ஜனவரி

பெயரைத் தமிழில் 'கெஞ்சி' என்று எழுதலாமே என்கிறார் ஒருவர். எழுதலாம். திரைக்கு இப்புறம் அமர்ந்து அப்புறம் இருப்பவளிடம் அவன் செய்வது பெரும்பாலும் அதுதான் என்பதால் பொருளும் பொருந்தும். இருந்தாலும் நான் 'கென்ஜி' என்றே எழுதுகிறேன். ஒவ்வொரு வாக்கியத்திலும் சிரித்துக்கொண்டிருக்க முடியாது.

23 ஜனவரி

முதல் தொகுதியின் முடிவு 'அழகாக' இருக்கிறது என்று கேள்வி கேட்டவர் எழுதியிருந்தார். அந்தச் சொல்தான் சில நாள்களாக எனக்கு உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஐந்தாம் அத்தியாயத்தில் கென்ஜிக்கு வயது பதினெட்டு. காய்ச்சலுக்கு மந்திரிக்க மலைக்குப் போன இடத்தில் ஒரு வீட்டு வேலியின் இடுக்கு வழியாக ஒரு சிறுமியைப் பார்க்கிறான். முரசாகி என்று அறியப்படும் கதைமாந்தர் இவள்தான். அவளுக்குச் சுமார் பத்து வயது இருக்கும். கூடையால் கவிழ்த்து வைத்திருந்த சிட்டுக்குருவியைத் தோழி பறக்கவிட்டுவிட்டாள் என்று அழுதுகொண்டு ஓடிவருகிறாள் அவள். கென்ஜி அவளைத் தன் மாளிகைக்குக் கொண்டுபோய்விடுகிறான். ஒன்பதாம் அத்தியாயத்தில், அவன் மனைவி அவோய் இறந்து சில வாரங்கள் கழித்து, 'ஆண்மகன் விரைவில் எழுந்துவிட, பெண்மகள் எழவே எழாத ஒரு காலை இருந்தது' என்ற பொருள்பட ஒரு வாக்கியம் வருகிறது. நடந்ததைப் பற்றி மூலம் சொல்வது அதுதான். முந்தைய இரவு இல்லை. அதுவரை உயர்குடிச் சிறுமிக்குரிய சொல்லால் சுட்டப்பட்டவள் அந்த வாக்கியத்தில் மனைவிக்குரிய சொல்லால் சுட்டப்படுகிறாள். சுட்டும் சொற்கள் மாறுவது எரிச்சலூட்டுகிறது என்றவருக்கு இதையே பதிலாகச் சொல்வேன்: அந்த மாற்றத்தில்தான் கதை நிகழ்கிறது.

அதன் பிறகு மூலம் எதைக் காட்டுகிறது என்று பாருங்கள். அவன் படுக்கையருகே எழுதுபெட்டியையும் ஒரு கவிதையையும் வைத்துவிட்டுப் போகிறான். நண்பகலில் வந்து பார்க்கையில் அவள் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறாள்; நெற்றி முடி வியர்வையில் நனைந்திருக்கிறது. பெட்டியைத் திறக்கிறான், பதில் கவிதை இல்லை. எவ்வளவு குழந்தைத்தனம் என்று ரசித்துக்கொள்கிறான். மணமான மூன்றாம் இரவில் தம்பதியர் உண்ணவேண்டிய 'மோதி' என்னும் அரிசிப் பணியாரங்களை மறைவாகச் செய்துவரச் சொல்லித் தன் ஆள் கொரேமிட்சுவை ஏவுகிறான். மறுநாள் காலையில் மோதிப் பெட்டி வெளியே வந்த பிறகுதான் அந்த வீட்டுப் பணிப்பெண்களுக்கே என்ன நடந்தது என்று விளங்குகிறது. கென்ஜிக்கு இது ஒரு திருமணம், பணிப்பெண்களுக்குப் பெருமை, அவளுக்கு என்ன என்பதை நனைந்த முடி மட்டும் சொல்கிறது. தந்தையைப் போல நம்பியிருந்தவனிடம் இப்படி ஒரு மனம் இருக்கும் என்று தான் எண்ணிப்பார்க்கவே இல்லையே என்ற அவளுடைய நினைப்பு ஒரு வரியில் வந்து போகிறது.

இங்கே மொழிபெயர்ப்பாளர் கூடுதலாக ஒரு சொல் சேர்த்தாலும் தராசு சாய்ந்துவிடும். டென்னிஸ் வாஷ்பர்ன் (2015) மாந்தர்களின் உள்நினைவுகளைச் சாய்வெழுத்தில் பிரித்துக் காட்டுகிறார். அளவுக்கு மீறித் தெளிவாக்கிவிட்டார் என்பது அவர்மீது வைக்கப்படும் குற்றச்சாட்டு. முதல்முறை படிப்பவருக்கு அது பேருதவி என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூலத்தில் கதைசொல்லியின் குரலும் மாந்தரின் நினைவும் ஒரே வாக்கியத்துக்குள் கைமாறிக்கொண்டே இருக்கும். இது யாருடைய எண்ணம் என்ற ஐயம் படிப்பவருக்கு இருந்துகொண்டே இருக்கும். சாய்வெழுத்து அந்த ஐயத்தைத் தீர்த்துவைத்துவிடுகிறது. தீர்த்துவைக்க அவருக்கு அதிகாரம் உண்டா என்பது என் கேள்வி.

24 ஜனவரி

'பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையை மௌனத்தின் நயம் என்று புகழ்கிறீர்கள்' என்று ஒரு மறுமொழி. நியாயமான கடிதல்தான், ஆகவே இன்னொரு சுற்று யோசித்தேன். மௌனம் கென்ஜியைக் காப்பாற்றுகிறது என்றால் உங்கள் கட்சி சரி. ஆனால் ஆசிரியர் அவனை அங்கே விட்டுவிடவில்லையே. அவளுடைய பிற்கால வாழ்க்கை முழுவதும், தான் துறவியாக விரும்புவதாக அவள் கேட்பதும் அவன் மறுப்பதுமாகக் கழிகிறது. கடைசிவரை அவன் அனுமதி தரவில்லை. அவள் துறவாடை அணியாமலே இறக்கிறாள். ஒன்பதாம் அத்தியாயத்தின் வியர்வையையும் நாற்பதாம் அத்தியாயத்தின் மரணத்தையும் சேர்த்துப் படித்தால் ஆசிரியர் நயத்துக்காக வாய் மூடியிருந்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. முதல் தொகுதியோடு நிறுத்தியவருக்கு அந்தத் தீர்ப்பு கிடைக்காது.

2 பிப்ரவரி

தீர்ப்பு என்று எழுதிவிட்டதால் 34, 35-ஆம் அத்தியாயங்களைப் பற்றி எழுதியே ஆகவேண்டும். 'இளங்கீரை' என்ற ஒரே தலைப்பில் முதற்பகுதி, இரண்டாம் பகுதி என்று வரும் இவ்விரண்டும் சேர்ந்தால் தனியொரு நாவல் அளவுக்கு இருக்கும். இந்த நூலில் எதையாவது இரண்டாம் முறை படிப்பதென்றால் நான் இவற்றைத்தான் எடுப்பேன்.

கென்ஜி நாற்பது வயதைத் தொட்டவன். முன்னாள் பேரரசரின் மகளாகிய மூன்றாம் இளவரசியை, அவளுக்குப் பதின்மூன்று பதினான்கு வயதிருக்கையில், மனைவியாக ஏற்றுக்கொள்கிறான். வசந்தகால மாலையொன்றில் அவன் மாளிகையில் இளைஞர்கள் பந்து உதைத்து ஆடுகிறார்கள். உள்ளேயிருந்து சின்னஞ்சிறு சீனப் பூனை ஒன்று, பெரிய பூனை துரத்த, மூங்கில் தட்டிக்குக் கீழே புகுந்து ஓடுகிறது. அதன் கழுத்துக் கயிறு எதிலோ சிக்கிக்கொள்கிறது. பூனை விடுபட இழுக்க, தட்டியின் ஓரம் மேலே தூக்கிக்கொள்கிறது. உள்ளே நின்றிருந்த இளவரசி, வெளியே நிற்கும் காஷிவாகியின் கண்ணில் பட்டுவிடுகிறாள்; அவன் தோ நோ சூஜோவின் மகன். ஒரு பெண் அந்நியன் கண்ணில் படுவதே பேரிழப்பு என்று கருதிய சமூகம் அது. பக்கத்தில் நின்ற கென்ஜியின் மகன் யூகிரி செருமி எச்சரிக்கிறான். காஷிவாகியோ பூனையை வாரி எடுத்து அணைத்துக்கொள்கிறான். அதன்மேல் அவளுடைய வாசனை இருக்கிறது. பிறகு தந்திரம் செய்து அந்தப் பூனையைத் தன்னிடமே வரவழைத்து மடியில் வைத்துக்கொண்டு வாழ்கிறான். சில ஆண்டுகள் கழித்து இளவரசியின் அறைக்குள் நுழைந்தும்விடுகிறான்.

கென்ஜிக்குத் தெரியவரும் விதம் இன்னும் நுட்பமானது. இளவரசியின் இடத்தில் இரவு தங்கிய மறுநாள் காலையில் தன் விசிறியை எங்கோ வைத்துவிட்டோமே என்று தேடிவருகிறான். இருக்கைத் திண்டின் விளிம்பில் வெளிர்பச்சைக் காகிதம் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. எடுத்துப் படிக்கிறான், கையெழுத்து காஷிவாகியுடையது. அங்கே அவனுக்கு வரும் கோபத்தின் நடுவில் ஒரு நினைப்பு குறுக்கிடுகிறது: என் தந்தையும் எல்லாம் தெரிந்தே தெரியாதவர்போல இருந்தாரோ?

ஏனென்றால் இளமையில் கென்ஜி தன் தந்தையாகிய பேரரசரின் மனைவி ஃபுஜித்சுபோவை அடைந்தவன். பேரரசர் தம் மகன் என்று கையில் வாங்கிக் கொஞ்சிய குழந்தைதான் அந்த ரெய்சே. இப்போது இளவரசி பெற்ற கவோருவை, தன் மகன் அல்லன் என்று தெரிந்தே, ஐம்பதாம் நாள் விழாவில் கென்ஜி ஏந்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆசிரியர் இதை வினை என்று ஓரிரு இடத்தில் பௌத்தச் சொல்லால் குறிப்பதோடு சரி. பழி வாங்கலோ, ஊர் கூடிய வழக்கோ இல்லை. விருந்து ஒன்றில் கென்ஜி காஷிவாகியை உற்று நோக்கிக் குடிபோதையின் சாக்கில் ஒரு கேலி பேசுகிறான். அந்தப் பார்வையிலேயே இவன் படுத்த படுக்கையாகி இறந்துபோகிறான்.

இந்த இடங்களைச் சைடன்ஸ்டிக்கரிலும் டைலரிலும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். சைடன்ஸ்டிக்கரின் வாக்கியங்கள் குட்டையானவை, உலர்ந்தவை. பூனைக் காட்சி அவரிடம் விறுவிறுப்பாக இருக்கிறது. விசிறிக் காட்சிக்கு டைலரே பொருத்தம். அவருடைய வாக்கியம் நீண்டு, வளைந்து, கோபத்திலிருந்து தந்தையின் நினைவுக்குத் திரும்பும்போது நமக்கும் ஒரு நொடி தடுமாறுகிறது.

3 பிப்ரவரி

மேலே சொன்ன ஃபுஜித்சுபோ விவகாரத்தில் இரு செய்திகள். அவர்களுடைய முதல் சந்திப்பு நாவலில் எங்கும் எழுதப்படவில்லை. ஐந்தாம் அத்தியாயத்தில் ஒருமுறை கூடும்போது, முன்பு நேர்ந்ததையே மறக்கமுடியாமல் அவள் வருந்தியிருந்தாள் என்று வருகிறது. அப்போதுதான் 'முன்பு' ஒன்று இருந்ததே நமக்குத் தெரியும். ஓர் அத்தியாயம் தொலைந்துபோயிற்று என்ற பேச்சு மிகப் பழையது. தொலையவில்லை, எழுதாமலே விட்டார் என்றுதான் நான் நினைக்க விரும்புகிறேன்.

இரண்டாவது, வெட்டுவது வெளிநாட்டார் மட்டுமே செய்த வேலை அன்று. ஜுனிச்சிரோ தனிஸாகி இந்நாவலைத் தற்கால ஜப்பானியத்தில் தந்தபோது, 1939 முதல் 1941 வரை வெளிவந்த முதல் பதிப்பில் இந்தப் பேரரசி விவகாரம் சார்ந்த பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன. போர்க்கால அரசின் கீழ் அரச குலத்தின்மேல் கறை படுவதுபோல் எதையும் அச்சிட முடியாது. போருக்குப் பின் வந்த பதிப்பில்தான் அவை திரும்பின. வேலி ஒன்றைச் சுவைக்காக வெட்டினார் என்றால் இங்கே அச்சத்துக்காக வெட்டினார்கள்.

9 பிப்ரவரி

கவிதைகளைப் பற்றி யாருமே கேட்கவில்லை, அதனால் நானே எழுதுகிறேன். நாவலில் 795 கவிதைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 31 அசை கொண்டது. வேலி அவற்றை உரைநடையாக்கினார். சைடன்ஸ்டிக்கர் ஈரடியாக்கினார். டைலர் ஈரடியாகவே அமைத்து, அதற்குள் 31 அசைக் கணக்கையும் காப்பாற்றியிருக்கிறார்.

நான்காம் அத்தியாயத்தில் எளிய வீடொன்றின் வேலியில் வெண்பூக்கள் மலர்ந்திருக்கின்றன. கென்ஜி ஒரு பூப் பறித்துவரச் சொல்கிறான். வீட்டுச் சிறுமி ஒருத்தி, காம்பு துவளும் பூ இது, இதில் வைத்துக் கொடுங்கள் என்று நறுமணம் ஏறிய விசிறி ஒன்றை நீட்டுகிறாள். விசிறியில் ஒரு கவிதை: பனியொளி படிந்த இந்த அந்திமுகப் பூவைக் கண்டு, இன்னாராகத்தான் இருக்கவேண்டும் என்று ஊகிக்கிறேன். பூவின் பெயரிலேயே முகம் என்ற சொல் இருப்பதால், யாருடைய முகத்தை யார் ஊகித்தார் என்று ஆய்வாளர்கள் இன்றும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பூ வேறொன்றுமில்லை, நம் வீட்டு வேலியில் மாலையில் மலரும் சுரைப்பூதான். உயர்குடியினர் திரும்பியும் பாராத பூ என்பதுதான் அந்தக் காட்சியின் உயிர். ஆங்கிலத் தலைப்புகளில் அது 'அந்தி முகங்கள்' என்றும் 'அந்தி அழகி' என்றும் ஆனபோது சுரைக்கொடி காணாமல் போய்விட்டது. வேலி 'யூகாஓ' என்ற ஜப்பானியப் பெயரையே வைத்துவிட்டுத் தப்பித்துக்கொண்டார்.

16 பிப்ரவரி

சைடன்ஸ்டிக்கரை நான் குறைத்துப் பேசுகிறேன் என்ற எண்ணம் வந்திருக்கும். உஜி என்ற ஊரை மையமாகக் கொண்ட கடைசிப் பத்து அத்தியாயங்களுக்கு நான் அவரிடந்தான் போகிறேன். ஆற்றிரைச்சலும் மூடுபனியும் முடிவெடுக்கத் தெரியாத கவோருவும் கொண்ட அந்தப் பகுதிக்கு அவருடைய உலர்ந்த நடை நன்றாகப் பொருந்துகிறது. டைலரின் வளைந்த வாக்கியம் அங்கே கவோருவின் தயக்கத்தோடு சேர்ந்து இரட்டிப்பாகி, படிப்பவரின் பொறுமையைச் சோதித்துவிடுகிறது.

முடிவு பற்றி: ஆற்றில் விழப் போனவள் என்று எண்ணப்பட்ட உகிஃபுனே உயிரோடு துறவியாக இருக்கிறாள். கவோரு அவளுடைய தம்பியிடம் கடிதம் கொடுத்தனுப்புகிறான். அவள் முகம் கொடுக்க மறுக்கிறாள். பையன் வெறுங்கையோடு திரும்புகிறான். வேறு எவனாவது அவளை ஒளித்து வைத்திருக்கிறானோ என்று கவோரு எண்ணுகிறான். தானும் முன்பு அவளை அப்படித்தானே உஜியில் வைத்திருந்தான். அத்துடன் முடிந்தது. பல ஏடுகளில் இதன் பின்னால் 'என்று மூலநூலில் இருக்கிறதாம்' என்ற பொருளில் படியெடுத்தவர்களின் வழக்கமான சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆசிரியர் முடிக்காமல் விட்டாரா, இதுதான் முடிவா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஆயிரம் பக்கம் காதலித்தவர்களில் ஒருத்தியாவது கதவைத் திறக்க மறுத்தாள் என்பது எனக்கு முடிவாகவே தோன்றுகிறது.

1 மார்ச்

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். டைலரை மறுபடி எடுத்து மாந்தர் பட்டியலோடு படிப்பதாகவும், பன்னிரண்டாம் அத்தியாயத்தில் சுமாக் கடற்கரையில் கென்ஜி தலைநகரை விட்டு ஒதுங்கி இருக்கும் இடத்தில் சோர்ந்துபோய் நிற்பதாகவும் எழுதியிருக்கிறார். அது உங்களுக்கு மட்டும் நேர்வதன்று. அந்த அத்தியாயத்தோடு நூலைக் கைவிடுபவர்களுக்கு ஜப்பானியத்தில் 'சுமா கென்ஜி' என்றே பெயர் இருக்கிறது. அத்தியாயத்தின் கடைசியில் புயல் எழுகிறது, அதைத் தாண்டிவிடுங்கள்.

இந்த நூலைப் படித்துத் தீர்த்த முதல் தலைமுறை வாசகி ஒருத்தியின் வாக்குமூலம் நம்மிடம் இருக்கிறது. சுகவாரா நோ தகாசுயேயின் மகள், 1008-இல் பிறந்தவள், சிறுவயதைத் தொலைதூர மாகாணத்தில் கழித்தவள். அக்காளும் சிற்றன்னையும் மனப்பாடமாகச் சொல்லிய துண்டு துணுக்குகளைக் கேட்டு ஏங்கி, தலைநகருக்கு வந்தபின் அத்தை ஒருத்தி ஐம்பதுக்கும் மேற்பட்ட ஏடுகளையும் பெட்டியோடு கொடுக்க, திரைக்குள் படுத்துக்கொண்டு பகலெல்லாம், விளக்கேற்றி இரவெல்லாம் படித்ததாகவும், பேரரசி பதவி கிடைத்தாலும் இதற்கு ஈடாகுமா என்று எண்ணியதாகவும் எழுதிவைத்திருக்கிறாள். தானும் வளர்ந்தால் அந்தச் சுரைப்பூ வீட்டுப் பெண்ணான யூகாஓவைப் போலவும் உகிஃபுனேவைப் போலவும் ஆவேன் என்று கனவு கண்டதைப் பிற்காலத்தில் நினைத்து வெட்கப்படுகிறாள். அந்த இருவருக்கும் நேர்ந்ததை அறிந்தவர்கள் வெட்கத்தின் காரணத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆடை நிறங்கள் வரும் பக்கங்களை விட்டுவிட்டுப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறார். போர் வர்ணனையாக இருந்தால் போங்கள் என்பேன், இவற்றை விடவேண்டாம். இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் புத்தாண்டுக்காகக் கென்ஜி தன் பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஆடை தேர்ந்தெடுக்கிறான். அணிபவரின் தோற்றத்துக்குப் பொருந்தவேண்டுமே என்று பேச்சை எடுத்தவள் முரசாகி. எடுத்த பிறகு, அவன் கை எந்தத் துணியில் நிற்கிறது என்பதைப் பக்கத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள். ஆகாஷி ஊர்க்காரிக்கு அவன் ஒதுக்குவது பூங்கிளையும் வண்ணத்துப்பூச்சியும் பறவையும் கொண்ட, சீனப் பாங்கிலான வெள்ளை ஆடை. அந்தப் பெண்ணுக்கும் கென்ஜிக்கும் பிறந்த மகளைத்தான் முரசாகி தன் மகளாக வளர்த்துக்கொண்டிருக்கிறாள். தாயை அதுவரை நேரில் கண்டதில்லை. அவள் எப்படி இருப்பாள் என்பதை அந்தத் துணியிலிருந்தே கணக்குப் போட்டுவிடுகிறாள், முகமும் மாறுகிறது.